காயத்தோடு போன மானின் கணக்கு

ஓக்லஹோமா மாநிலத்தின் மக்அலெஸ்டர் நகருக்குப் பக்கத்தில் அமெரிக்க ராணுவத்தின் வெடிமருந்து ஆலை ஒன்று காடும் புல்வெளியுமாகப் பரந்து கிடக்கிறது. குண்டுகள் அடுக்கியிருக்கும் இடத்தில் துப்பாக்கி வேட்டைக்கு வழியில்லை. மான்களோ பெருகிக்கொண்டே இருந்தன. ஆகவே அங்கே வேட்டைக்கு வில் மட்டும்தான்; அதிலும் கப்பி பூட்டிய நவீன வில் கூடாது, நெடுவில்லும் ரீகர்வ் வில்லும் போன்ற பழைய பாணி வில்கள் மட்டும். 1990களில் ஆய்வாளர்கள் அங்குள்ள ஆண் மான்களுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டி, வேட்டைக் காலம் முடிந்த பிறகும் பின்தொடர்ந்தார்கள். 1998இல் முடிவு வெளிவந்தது. அம்பு பட்டவை 22. வேட்டைக்காரர் கைக்குக் கிடைத்தவை 11. மற்ற 11 மான்களும் காயத்தோடு காட்டுக்குள் போயின. அவற்றில் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன என்பதும் அதே பட்டைகள் சொன்ன செய்திதான்.

மேரிலாந்து மாநிலத்தில் இந்தியன் ஹெட் என்ற கடற்படைத் தளத்திலும் இதே சிக்கல், இதே தீர்வு. அங்கே காம்பவுண்ட் எனப்படும் கப்பி வில்லுக்கும் குறுக்குவில்லுக்கும் அனுமதி உண்டு; குறி பார்க்கும் தேர்வில் தேறியவர்களுக்கு மட்டுமே வேட்டைச் சீட்டு. பல ஆண்டுப் பதிவுகளைத் தொகுத்து 2008இல் வெளியான ஆய்வு, அம்பு பட்டும் கிடைக்காமல் போன மான்கள் சுமார் 18 சதவீதம் என்றது.

இந்த இரண்டு எண்களை அப்படியே அருகருகே வைத்து ஒப்பிடக் கூடாது. முதலாவதில் எண்ணிக்கை மிகச் சிறியது, சான்று கழுத்துப்பட்டை. இரண்டாவதில் எண்ணிக்கை பெரியது, சான்று வேட்டைக்காரர் தாமே கொடுத்த தகவல். தம் அம்பு உரசிச் சென்றதே தெரியாமல் வீடு திரும்புகிறவர்கள் உண்டு. அவர்களைக் கழுத்துப்பட்டை பிடித்துவிடும், படிவம் பிடிக்காது. இத்தனையும் கழித்த பிறகும் ஒரு சங்கடம் எஞ்சுகிறது. வில்வேட்டைக்காரர் தம் ஆயுதத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும் முதல் காரணம் அது கடினமானது என்பதே. விலங்குக்குத் தப்ப வாய்ப்பு அதிகம், தனக்குச் சாதகம் குறைவு, ஆகவே நியாயமான ஆட்டம் என்பார். அந்தக் கடினத்தை அவர் விரும்பி ஏற்றுக்கொள்கிறார். ஆனால் அதற்கான விலையில் ஒரு பங்கை, யாரும் கேட்காமலேயே, மான் கொடுக்கிறது. பெரிய விலங்குகளை வில்லால் வேட்டையாடுவதன் தனிமனித அறம் முழுவதும் இந்தச் சங்கடத்துக்குள் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். இறைச்சிக்காகவா கொம்புக்காகவா, காட்டில் உயிரைக் கொல்லலாமா கூடாதா என்பவை எல்லா வேட்டைக்கும் பொதுவான கேள்விகள். வில்லுக்கென்று தனியாக உள்ள கேள்வி இதுதான்.

இதைப் புரிந்துகொள்ள அம்பு எப்படிக் கொல்கிறது என்று பார்க்க வேண்டும். வேட்டைத் துப்பாக்கியின் தோட்டா அதிவேகத்தில் புகுந்து, தன் பாதையைச் சுற்றியுள்ள திசுக்களையும் சிதைக்கிறது. அம்புக்கு அந்த வலு இல்லை. அதன் முனையில் இருப்பது சவரக் கத்தி போன்ற கூர்மையுள்ள இரண்டு அல்லது மூன்று அலகுகள். அவை அறுக்கும், இரத்தம் போகும், விலங்கு சாகும். இரண்டு நுரையீரல்களையும் துளைத்துச் சென்றால் மான் சில விநாடிகள் ஓடி விழுந்துவிடும். தான் அடிபட்டதே தெரியாததுபோல் சில அடி நடந்து, நின்று, சாய்கிற மான்களும் உண்டு. ஈரலில் பட்டால் மணிக்கணக்கு ஆகும். குடலில் பட்டால் அரை நாள்கூட ஆகும். வெள்ளைவால் மானின் பக்கவாட்டில், முன்னங்கால் தோளுக்குச் சற்றுப் பின்னால், ஏறக்குறைய எட்டு முதல் பத்து அங்குல வட்டத்துக்குள் விரைந்த சாவு இருக்கிறது. அதிலிருந்து ஒரு சாண் பின்னால் போனால் நீண்ட சாவு.

அடுத்தது நேரம். நவீன வில்லிலிருந்து புறப்படும் அம்பு விநாடிக்கு ஏறத்தாழ 270 அடி போகும் என்று வைத்துக்கொள்வோம். ஒலி விநாடிக்கு 1,100 அடிக்கு மேல் போகிறது. முப்பது கெஜத்தில் நிற்கும் மானை அம்பு அடைய மூன்றில் ஒரு விநாடி ஆகும். நாண் அதிர்ந்த சத்தமோ அதற்குக் கால் விநாடி முன்பே மானின் காதுக்குப் போய்விடும். சத்தம் கேட்ட மான் துள்ளி ஓடுவதற்காக முதலில் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்தும். அந்தத் தாழ்விலேயே நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு முதுகுக்குப் போய்விடலாம். அறுபது கெஜத்தில் இந்த இடைவெளி அரை விநாடி ஆகிறது. சத்தம் கேட்காவிட்டாலும்கூட, அரை விநாடியில் மான் மேய்ச்சல் நினைப்பில் ஓர் எட்டு எடுத்து வைத்தால் போதும். நுரையீரல் இருந்த இடத்தில் குடல் வந்து நிற்கும். தோட்டா ஒலியை முந்திக்கொண்டு போவதால் துப்பாக்கிக்காரருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

ஆகவே அட்டைக் குறியில் நூறு கெஜத்திலும் அம்பைக் குவிக்கிறவர், உயிருள்ள மான்மீது அறுபது கெஜத்தில் எய்வது சரியா என்பதற்கு அவருடைய திறமை பதிலாகாது. அட்டை நகர்வதில்லை. அம்பு கையைவிட்டுப் போன பிறகு நடக்கும் ஒரு காரியத்துக்கு எய்தவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது, அதைக் கட்டுப்படுத்த அவருக்கு வழியே இல்லை. தூரம் குறைந்தால் அந்தக் கட்டுப்பாடற்ற இடைவெளியும் குறையும். வேறு எதுவும் அதை அந்த அளவுக்குக் குறைக்காது.

அமெரிக்காவில் இன்றைய வில்வேட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலரும் சொல்லும் பெயர் இஷி. கலிபோர்னியாவின் யாஹி மக்களில் எஞ்சிய கடைசி மனிதர். 1911 ஆகஸ்டில் ஓரோவில் என்ற ஊரில் பசியோடு வெளிப்பட்டவரைக் கலிபோர்னியா பல்கலைக்கழக மானுடவியலாளர்கள் சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே பல்கலைக்கழக மருத்துவமனையின் அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப் அவருக்கு நண்பரானார். வில் செய்வது, அம்பு செய்வது, மானை நெருங்குவது என எல்லாவற்றையும் இஷியிடமிருந்து கற்றார். போப் எழுதிவைத்த குறிப்புகளில் எனக்கு முக்கியமாகப் படுவது இஷியின் நெருக்கம். தொலைவில் வைத்த இலக்கை எய்யும் போட்டியில் இஷி சிறந்தவர் அல்ல. பக்கத்தில் இருக்கும் சிறிய இலக்கைத் தவறவிடாதவர். வேட்டைக்கு முன்பு புகையிலையும் மீனும் தொடமாட்டார். மனித வாடை போக ஓடையில் குளிப்பார். விலங்கைப் போல் குரலெழுப்பி அதைத் தன்னிடம் வரவழைப்பார். அவருடைய திறமையில் பெரும்பகுதி அம்பை எடுப்பதற்கு முன்பே செலவாகிவிடும்.

1916இல் காசநோயால் இஷி இறந்தார். உடலை அறுக்கக் கூடாது என்று மானுடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபர் எழுதியிருந்தும் பிரேதப் பரிசோதனை நடந்தது. மூளை ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போய், 2000ஆம் ஆண்டுதான் கலிபோர்னியப் பூர்வகுடிகளிடம் திரும்பி வந்தது. வில்வேட்டையின் அறத்தைப் பற்றி எழுதும்போது இதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

போப் வேறு வழியில் போனார். அவரும் நண்பர் ஆர்தர் யங்கும் 1920இல் கலிபோர்னியா அறிவியல் கழகத்துக்கு மாதிரிகள் சேகரிக்கும் அனுமதியோடு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் சென்று கிரிஸ்லி கரடிகளை அம்பால் எய்தார்கள். துணைக்குத் துப்பாக்கியோடு வழிகாட்டி நின்றார். 1925இல் எழுத்தாளர் ஸ்டூவர்ட் எட்வர்ட் ஒயிட்டுடன் ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சிங்கங்களை எய்தார்கள். அங்கேயும் துப்பாக்கிகள் பின்னால் தயாராக இருந்தன. வில்லால் எதையும் கொல்ல முடியும் என்று நிரூபிப்பதே அந்தப் பயணங்களின் நோக்கம். அந்த நிரூபணம் இல்லாமல் சட்டம் வில்லை ஏற்றிருக்காது என்பதும் உண்மை. 1934இல் விஸ்கான்சின் வில்லுக்கென்றே தனி மான் வேட்டைக் காலத்தை அறிவித்தது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1961இல் கிளென் செயின்ட் சார்லஸ் முன்னின்று தொடங்கிய சங்கத்துக்கு போப், யங் இருவரின் பெயரையே வைத்தார்கள். சுதந்திரமாகத் திரியும் விலங்கை, வேட்டைக்காரருக்கு முறையற்ற சாதகம் கிடைக்காத வகையில் துரத்த வேண்டும் என்பது போப் அண்ட் யங் சங்கத்தின் விதி. தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிவைத்த பூன் அண்ட் கிராக்கெட் சங்கத்திடமிருந்து எடுத்துக்கொண்ட கொள்கை அது. போப் அண்ட் யங் சங்கமே கொம்புகளை அளந்து பதிவேட்டில் ஏற்றும் வேலையையும் செய்கிறது. வெள்ளைவால் மானின் சீரான கொம்புக்கு 125 புள்ளி வந்தால் பெயர் ஏறும்.

நியாயமான துரத்தல் என்ற கொள்கையில் ஒரு மௌனம் இருக்கிறது. அம்பு புறப்படும் வரை அது நிறையப் பேசுகிறது: வேலிக்குள் அடைத்த விலங்கு கூடாது, வண்டியில் துரத்தக் கூடாது, செயற்கை ஒளி கூடாது. அம்பு பட்ட பிறகு என்ன ஆகிறது என்பதில் அதற்குச் சொல்ல அதிகமில்லை. ஏனென்றால் அது ஆட்டத்தின் நேர்மையைப் பற்றிய கொள்கை. வலியைப் பற்றியது அல்ல. ஆட்டம் நேர்மையாக இருக்க வேண்டுமானால் ஆயுதம் எளியதாக இருக்க வேண்டும். வலி குறைய வேண்டுமானால் ஆயுதம் வலியதாக இருக்க வேண்டும். ஒரே ஆள் ஒரே காலையில் இந்த இரண்டையும் சேர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறார்.

பிரிட்டன் இந்த முடிச்சை வெட்டியே எறிந்தது. 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அங்கே காட்டு விலங்குகளை வில்லால் கொல்வதைத் தடை செய்கிறது. கொல்வதென்று முடிவுசெய்துவிட்டால் துப்பாக்கியை எடு என்பது அதன் தர்க்கம். இதற்கு வில்வேட்டைக்காரர்களிடமிருந்து வரும் வழக்கமான பதில், துப்பாக்கிக்காரர்களும் காயப்படுத்துகிறார்கள் என்பது. அது உண்மை, ஆனால் பதில் அல்ல. வலுவான பதில் வேறொன்று உண்டு. நானூறு கெஜத்திலிருந்து சுடுகிறவர் விலங்கை ஒரு வடிவமாகப் பார்க்கிறார். இருபது கெஜத்தில் நிற்கிறவர் அதன் மூச்சு குளிரில் புகைவதைப் பார்க்கிறார். காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, உடம்பு தளர்ந்திருக்கிறதா விறைத்திருக்கிறதா என்று படிக்க முடிகிறது. அந்த அறிவு துப்பாக்கிக்காரருக்கு வாய்ப்பது அரிது. அந்த அறிவைப் பயன்படுத்தி, விறைத்து நிற்கும் மான்மீது எய்யாமல் விட்டால், வில்லின் குறை பெருமளவு ஈடாகிவிடுகிறது. இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் இது இருபது கெஜத்துக்கான வாதம். அறுபது கெஜத்துக்கு இதை எடுத்துச் செல்ல முடியாது.

தொழில்நுட்பம் எடுத்துச் சென்றது. மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில்லுக்கு 1966இல் காப்புரிமை கேட்டார், 1969இல் கிடைத்தது. முழுதாக இழுத்த நிலையில் நாணின் கனம் பெருமளவு குறைந்துவிடும். எழுபது பவுண்டு வில்லைப் பதினைந்து பவுண்டு கனத்தோடு பிடித்து, நிதானமாகக் குறிபார்க்கலாம். இருபது கெஜத்தில் இது விலங்குக்கு நல்லது, சந்தேகமில்லை. அந்தத் துல்லியத்தை இருபது கெஜத்திலேயே வைத்துக்கொண்டிருந்தால் காயம்பட்ட மான்களின் தொகை வெகுவாகக் குறைந்திருக்கும். மனிதர்கள் அப்படிச் செய்வதில்லை. கிடைத்த துல்லியத்தைத் தூரமாக மாற்றிக்கொண்டார்கள். லேசர் தூரமானி வந்ததும் இன்னும் கொஞ்சம் பின்னால் நின்றார்கள். ஒவ்வொரு கருவியும் தவறைக் குறைக்கத்தான் வாங்கப்படுகிறது. சில பருவங்களில் அது தொலைவை நீட்டப் பயன்படுகிறது.

அம்பின் எடையிலும் இதே கதை. 1980களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் எட் ஆஷ்பி என்பவர் கொல்லப்பட்ட பெரிய விலங்குகளின் உடலில் அம்புகள் எவ்வளவு ஆழம் செல்கின்றன என்று சோதித்துப் பதிவுசெய்யத் தொடங்கினார். பிறகு வந்த ஆண்டுகளிலும் தொடர்ந்தார். கனமான எலும்பை உடைத்துச் செல்ல ஏறக்குறைய 650 கிரெய்ன், அதாவது 42 கிராம் எடையுள்ள அம்பு வேண்டும் என்பது அவர் வந்தடைந்த முடிவு. கடையில் பரவலாக விற்பது இதைவிட வெகுவாக லேசான அம்பு. லேசான அம்பு வேகமாக, வளைவு குறைந்த பாதையில் போகும். தூரத்தைக் கொஞ்சம் தவறாகக் கணித்தாலும் மன்னிக்கும். கனமான அம்பு தோள் எலும்பில் பட்டாலும் மன்னிக்கும், தூரக் கணிப்பில் மன்னிக்காது. எந்தத் தவறுக்கு இடம் கொடுப்பது என்று கடையிலேயே முடிவாகிவிடுகிறது. எல்க் மானையோ மூஸையோ தேடிப் போகிறவர் அந்த இடத்திலேயே தன்னை யாரென்று தீர்மானித்துக்கொள்கிறார் என்று நான் சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் நெருங்கிப் போகத் தயாராக இருப்பவர்தான் கனமான அம்பை வாங்குவார்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? இழுவிசை இத்தனை பவுண்டுக்குக் குறையக் கூடாது, அலகு இத்தனை அகலம் இருக்க வேண்டும், மின்னணுக் கருவி வில்லில் பூட்டக் கூடாது என்றெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் உண்டு. வேட்டைக்காகத் தானியங்கிக் கேமராக்களைக் காட்டில் வைப்பதை 2022 தொடக்கம் முதல் அரிசோனா தடை செய்துவிட்டது. எத்தனை கெஜத்துக்குள் எய்ய வேண்டும் என்று விதி போட முடியாது. போட்டாலும் காட்டுக்குள் அளப்பவர் யார்? விஸ்கான்சினில் தன் வில்லைத் தானே செதுக்கி வேட்டைக்குப் போன ஆல்டோ லியோபோல்ட், வேட்டைக்காரரின் செயலைக் கைதட்டிப் பாராட்டவோ கண்டிக்கவோ ஆள் கிடையாது என்பதை அதன் தனித்த அறமாகக் கண்டார். வேட்டைக் கருவி விற்பவர்கள் வேட்டையின் பண்பாட்டையே விலைக்கு வாங்கிவிடுவார்கள் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. அவர் 1948இல் இறந்தார். கைதட்ட ஆள் இல்லாத நிலை இப்போது மாறிவிட்டது: தலையில் கேமரா மாட்டிக்கொண்டு போகிறவரின் பின்னால் ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. அது நீண்ட தூரத்து அம்புக்குக் கைதட்டும். எய்யாமல் வில்லை இறக்கிய காட்சிக்கு யார் தட்டுவார்கள்?

அம்பு பட்ட பிறகான அறமும் இதே அளவு கடினமானது, அதோடு விசித்திரமானதும்கூட. இரக்கமுள்ளவரின் கால்கள் உடனே ஓடத் துடிக்கும். அனுபவம் உட்காரச் சொல்கிறது. அம்பில் இளஞ்சிவப்பு நுரை இருந்தால் நுரையீரல். அரை மணி நேரம் காத்திருந்து போகலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். மூன்று நான்கு மணி நேரம். பச்சைக் கறையும் நாற்றமும் இருந்தால் குடல். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கிட்டப் போகவே கூடாது. போனால், படுத்திருக்கும் மான் எழுந்து மைல்கணக்கில் ஓடும்; இரத்தத் தடம் அற்றுவிடும்; அது சாகும், யார் கைக்கும் கிடைக்காமல். ஆகவே தான் உண்டாக்கிய வேதனை நீண்டுகொண்டிருக்கிறது என்று தெரிந்தே ஒரு மரத்தடியில் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பது அங்கே சரியான செயல் ஆகிறது. நம் கோவை இலக்கியத்தில் தலைவன், தன் அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா என்று புனம் காக்கும் பெண்களிடம் வந்து கேட்பான். கெடுதி வினாதல் என்று துறைக்குப் பெயர். கேட்பவனுக்கு மான்மீது அக்கறை இல்லை, பெண்மீதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சாக்கு எடுபட வேண்டுமானால், அடித்த மானைத் தேடிப் போவது வேட்டுவனின் கடமை என்று கேட்பவர்களும் நம்பியிருக்க வேண்டும்.

தேடிக் கிடைக்காவிட்டால்? அமெரிக்காவில் ஒருவருக்கு ஒரு மானுக்கான சீட்டு கொடுத்திருந்தால், பெரும்பாலான மாநிலங்களில் கைக்கு வந்த மானுக்கே அது செலவாகும். நியாயமான அளவு தேடிவிட்டுக் கைவிட்டால், மறுநாள் இன்னொன்றைத் தேடிப் போகலாம். தானாகவே சீட்டைக் கிழித்துவிட்டு அந்த ஆண்டு வேட்டையை முடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தது அவர்களுக்கும் அந்த மானுக்கும் மட்டுமே தெரியும். தென்னாப்பிரிக்க வேட்டைப் பண்ணைகளில் ஒரு சொட்டு இரத்தம் விழுந்தாலே விலை முழுவதும் கட்ட வேண்டும் என்பது வழக்கம். அலாஸ்காவின் சில பகுதிகளில் காயப்பட்ட கரடியும் கொன்ற கரடியாகவே கணக்கில் ஏறும். பணமும் சட்டமும் மனசாட்சியின் வேலையைச் செய்யும்போது ஆட்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போய் எய்வார்கள் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

இந்தக் கணக்கு பொதுமக்கள் முன்னால் வந்தது 2015 ஜூலையில், ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்கா எல்லையில். சிசில் என்று பெயர் சூட்டப்பட்டிருந்த சிங்கத்தை அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவர் இரவில் அம்பால் எய்தார். முதல் அம்பு கொல்லவில்லை. பல ஆண்டுகளாக அந்தச் சிங்கத்தைக் கண்காணித்துவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் ஆண்ட்ரூ லவ்ரிட்ஜ், அது பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உயிரோடு இருந்திருக்கும் என்று பின்னர் தம் நூலில் கணித்தார். உலகம் முழுவதும் எழுந்த சினம் அனுமதிச் சீட்டு, இரை வைத்து வரவழைத்தது, பெயர் உள்ள சிங்கம் ஆகியவற்றின் மேல் போனது. என்னை உறுத்துவது அந்த மணிநேரங்கள். துணைக்கு வந்த தொழில்முறை வேட்டைக்காரர்களிடம் துப்பாக்கி இருப்பது வழக்கம். போப்பும் யங்கும் ஆப்பிரிக்காவில் நின்றபோதும் பின்னால் துப்பாக்கி இருந்தது; தேவைப்பட்டபோது அது வெடித்தது, வில்லால் கொன்ற சிங்கம் என்ற பெருமை அதனால் குறைந்தாலும். அம்பால் செத்தது என்று பதிவேட்டில் ஏற வேண்டுமானால் அந்தத் துப்பாக்கி வெடிக்கக் கூடாது.

தன்னால் எய்யக்கூடிய தூரம் எது என்பதற்கு நல்ல ஆசிரியர்கள் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. பயிற்சித் திடலில் உடம்பு சூடேறிய பிறகு எய்த முப்பதாவது அம்பை எண்ணாதே. காலையில் எழுந்து, குளிரில், கனத்த சட்டையோடு, ஒத்திகை இல்லாமல் எய்யும் முதல் அம்பை மட்டும் எண்ணு. அது பல நாள் தொடர்ந்து அந்த எட்டு அங்குல வட்டத்துக்குள் விழும் தூரம்தான் உன் தூரம் என்பார்கள். இதை நேர்மையாகச் செய்துபார்க்கிற பலருக்கும் கிடைக்கும் எண், அவர்கள் வில் வாங்கிய கடையில் பேசிக்கொண்ட எண்ணைவிடச் சிறியதாகவே இருக்கும்.